மழை ராத்திரியில் முறமும் கையுமாக...

சிரிக்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். ஐப்பசி மாசம். சாயங்காலம் முழுக்கக் கொட்டித் தீர்த்த மழை விட்டு மணி ராத்திரி ஒன்பது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் மகனுடைய ரப்பர் பூட்ஸ், தலையில் மடித்துப் போட்ட சாக்கு, ஒரு கையில் டார்ச், மறு கையில் குப்பை அள்ளுகிற பிளாஸ்டிக் முறம். இந்தக் கோலத்தில் தெருவில் இறங்கியதுமே எதிர்வீட்டு மதினி திண்ணையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்ன மதினி, இந்நேரத்துல முறத்தைத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்டிய?"

"தவளை பொறுக்க."

"ஏ யாத்தே!"

அவள் அப்படிச் சொன்னதில் தப்பே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால், "இதுக்கு முத்திப் போச்சு" என்றுதான் நானும் நினைத்திருப்பேன். தவளை என்றாலே இரண்டு முழம் தள்ளி நிற்கிற ஜாதி நான். குளியலறையில் ஒரு தேரை உட்கார்ந்திருந்தால் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன்.

எங்கள் வீடு இலஞ்சியில். குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, வயலும் தோப்பும் குளமுமாகக் கிடக்கிற ஊர். ஆனி, ஆடியில் மேற்கே மலையிலிருந்து சாரல். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே இருந்து அடைமழை. இரண்டு மழைக்கும் நடுவில் கார் அறுப்பு, பிசான நடவு. எந்த வீட்டுக் கொல்லையைத் தோண்டினாலும் ஈரம். தவளைக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா?

அந்தச் சொர்க்கத்தின் நடுவில்தான் ரோடு போகிறது.

தென்காசியில் ஒரு கல்யாண வீட்டு ரிசப்ஷனுக்குப் போய்விட்டு ராத்திரி ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. சக்கரத்துக்கு அடியில் "பட்... பட்..." என்று சத்தம். பலூன் உடைகிற மாதிரி. "என்னப்பா அது, டயர்ல ஏதும் ஒட்டியிருக்கா?" என்று கேட்டேன். ஆட்டோக்காரத் தம்பி திரும்பாமலே, "தவளை அம்மா. ஏழு மணியிலேருந்து இதே சத்தம்தான். ஒடிச்சா வண்டி வழுக்கும், என்ன செய்ய?" என்றான்.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது பார்த்தேன். தார் ரோட்டில் அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தன. காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. ஓரமாக ஒரு பெரிய பெண் தேரை, வயிறு கிழிந்து கிடந்தது. அதன் உள்ளிருந்து கறுப்புப் பாசிமணி கோத்த நூல் மாதிரி நீளமாக ஏதோ வெளியே வந்து காய்ந்திருந்தது. முட்டை! குளத்துக்கு இன்னும் முப்பது அடிகூட இல்லை. நிறைமாதக்காரி பிரசவத்துக்குப் போகிற வழியில் அடிபட்டது போல இருந்தது எனக்கு. அன்றைக்குக் காப்பி இறங்கவில்லை.

எதற்காக ரோட்டுக்கு வருகின்றன?

பேரன் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தையும், மகன் மொபைலில் தேடிக் கொடுத்ததையும் வைத்துக்கொண்டு நானே கொஞ்சம் படித்தேன். தவளைக்கும் தேரைக்கும் தோல்தான் பாதி மூச்சு. அந்தத் தோல் ஈரமாக இருந்தால்தான் பிழைப்பு. அதனால் வெயில் காலம் முழுக்க மண்ணுக்குள்ளும் கல் இடுக்கிலும், நம் வீட்டுத் தொட்டிக்கு அடியிலும் பதுங்கிக் கிடக்கும். மழை விழுந்ததும் அத்தனையும் ஒரே ராத்திரியில் கிளம்பும். ஆண்கள் முன்னால் போய்த் தண்ணீரில் இருந்து கத்தும். அந்தக் கத்தல்தான் பெண்களுக்கு அழைப்பிதழ். வயலில் கிடக்கிற பெரிய மாட்டுத் தவளை இருக்கிறதே, அதில் ஆண் அந்தச் சமயத்தில் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி மாறிவிடும். தாடைக்கு இரண்டு பக்கமும் நீலப் பைகள் ஊதிக்கொண்டு நிற்கும். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்!

தேரை ஒரு தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தலைப்பிரட்டையாக இருந்து, வால் சுருங்கிக் கால் முளைத்து, ஒன்றிரண்டு மாதத்தில் பட்டாணி அளவுக் குஞ்சுகள் கரையேறும். ஆக, ரோட்டைக் கடப்பது ஒரு தடவை இல்லை. தாய் போகிறது, திரும்புகிறது, பிறகு பிள்ளைகள் எல்லாம் தனியாக வருகின்றன. பிள்ளைகள் பகலிலும் வரும். நாம் ஏதோ மண் கட்டி என்று நினைத்து மிதித்துக்கொண்டு போவோம்.

இன்னொரு வினையும் உண்டு. மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். தெரு விளக்கைச் சுற்றும். றெக்கை உதிர்ந்து கீழே விழும். அதைத் தின்ன தேரை விளக்கடிக்கு வரும். விளக்கு எங்கே இருக்கிறது? ரோட்டு ஓரத்தில். தேரையைத் தின்னத் தண்ணீர்ப் பாம்பும் சாரையும் வரும். எல்லாவற்றுக்கும் சேர்த்து லாரி வரும். தவிரவும், வண்டி வெளிச்சம் கண்ணில் அடித்தால் தவளை ஓடாது. அப்படியே சிலையாக உட்கார்ந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் நேரமும் பொருத்தமாக அமைந்துவிட்டது, துரதிருஷ்டமாக! சாரல் சமயத்தில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் ராத்திரி பகல் இல்லாமல் வண்டி. அது ஓய்ந்தால் கார்த்திகையில் மாலை போட்ட சாமிமார் வருவார்கள். குற்றாலத்தில் குளித்து, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்கு வேனும் பஸ்ஸுமாக விடிய விடியப் போவார்கள். அதே மாதம்தான் அடைமழையும். அருவியை மூடிவை, மலைக்குப் போகாதே என்று யார் சொல்ல முடியும்? நானே வருஷம் தப்பாமல் ஐந்தருவிக்குப் போகிறவள்தான்.

முண்டந்துறையில் எண்ணிப் பார்த்தார்கள்

இது என் வீட்டு வாசல் கதை மட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். எங்களுக்குத் தெற்கே, பாபநாசத்துக்கு மேலே காரையாறில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் தென் ஜில்லாக்களில் இருந்தெல்லாம் ஜனங்கள் குடும்பத்தோடு போய்க் காட்டில் தங்கிப் பொங்கலிடுவார்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு நடுவில் போகிற பாதை அது. சேஷாத்ரி, கணேஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பாதையில் நடந்து, திருவிழாவுக்கு முன்பும் திருவிழாவின்போதும் நசுங்கிக் கிடந்த உயிர்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். 2011-ல் அது பிரசுரமானது. திருவிழா நாட்களில் சாவு வெகுவாகக் கூடியிருந்தது. புலியோ யானையோ இல்லை. தவளை, பூச்சி, ஓணான், பாம்பு என்று யார் கண்ணிலும் படாத சின்ன உயிர்கள். அவர்கள் கோயிலுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. தனித்தனி வண்டியாகப் போகாமல் பஸ்ஸில் போங்கள் என்றார்கள். நல்ல யோசனை இல்லையா? ஐம்பது கார் போகிற இடத்தில் இரண்டு பஸ். தனி வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் ஏற்பாடு பிற்பாடு அங்கே வந்திருக்கிறது.

அதற்கு முன்பே 2009-ல் அதே சேஷாத்ரி, வேறு இரண்டு பேரோடு சேர்ந்து கர்நாடகத்தில் சராவதி ஆற்றுப் பக்கம் தவளைகளை மட்டும் எண்ணியிருக்கிறார். காடு, வயல், நீர்நிலை என்று மூன்று விதமான இடங்களில், ஒவ்வொன்றிலும் நூறு மீட்டர் நீளத்தில் மூன்று துண்டு ரோடு, நாலே நாள். செத்துக் கிடந்தவை 144. அதில் 13 வகை! சராசரியாகப் பார்த்தால் கிலோமீட்டருக்கு நாற்பது. காட்டு ரோட்டில் ஐம்பத்தைந்து. நான் வயல் பக்கம்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இந்தப் பதின்மூன்று வகை என்பதுதான் என்னை உலுக்கிய விஷயம். நமக்குத் தவளை என்றால் ஒன்று, தேரை என்றால் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ வேறெங்கும் இல்லாத வகைகள் எத்தனையோ இருக்கின்றன. எங்களுக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் ஒரு தவளை. ஊதா நிறம், பன்றி மாதிரி கூர் மூக்கு, பிடித்துவைத்த களிமண் உருண்டை போல உடம்பு. வருஷம் பூராவும் பூமிக்குள் கிடந்து, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும். அதன் தலைப்பிரட்டை ஓடுகிற வெள்ளத்தில் பாறையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வளரும். இதைத் தனி இனம் என்று கண்டு 2017-ல் பெயர் வைத்தார்கள். கோயம்புத்தூர் சாலிம் அலி மையத்தில் இருந்த பூபதி என்ற ஆராய்ச்சியாளரின் பெயர். ஊர்வனவற்றைப் பற்றி ஆராய்ந்தவர். 2014-ல் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன இடத்தில் இறந்துபோனார். வருஷத்தில் நாலு நாள் வெளியே வருகிற ஜீவன், அந்த நாலு நாளில் ஒரு டயரில் மாட்டினால் என்ன ஆவது?

உலகத்தில் உள்ள நீர்நில வாழ்விகளில் ஐந்தில் இரண்டு பங்கு அழியும் அபாயத்தில் இருப்பதாக 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. ரோடு மட்டும் காரணமில்லை. காடு போவது, நோய், வெயில் கூடுவது எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் நாமே தவளைக்காலை டன் டன்னாக வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தோம். வயலில் பூச்சியைத் தின்ன ஆளில்லை என்று கூச்சல் கிளம்பி, 1987-ல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. என் அப்பா காலத்து விவசாயிகள் அதை இன்றும் சொல்வார்கள்.

வெள்ளைக்காரர்கள் இதில் நமக்கு முன்னோடி. இங்கிலாந்தில் ஒவ்வொரு வருஷமும் குளிர் விடுகிற சமயத்தில் ஊர் ஊருக்குத் தொண்டர்கள் வாளியோடு நின்று லட்சம் தேரைகள்வரை ரோட்டைக் கடத்தி விடுகிறார்களாம். பாத் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரோட்டையே பிப்ரவரி, மார்ச்சில் சில வாரம் மூடிவிடுகிறார்கள், தேரைகளுக்காக! சுவிட்சர்லாந்தில் 1969-லேயே ரோட்டுக்கு அடியில் தவளைச் சுரங்கம் போட்டார்கள். அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் 1987-ல் சாலமாண்டர்களுக்காக இரண்டு சுரங்கம். சாலமாண்டர் என்பது பல்லி உருவத்தில் இருக்கிற தவளைச் சொந்தம். நம் நாட்டில் வடகிழக்கு மலைப்பக்கம்தான் உண்டு. ஓரத்தில் சின்ன வேலி கட்டி, அது வழிகாட்ட, ஜீவன்கள் சுரங்க வாய்க்கு வந்து சேரும்.

வேலி! அதுதான் என் மண்டையில் ஒட்டிக்கொண்டது.

நைலெக்ஸ் புடவை வேலி

எங்கள் தெரு முனையில் ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் உண்டு. தோப்புத் தண்ணீர் வயலுக்குப் போக எந்தக் காலத்திலோ போட்டது. எட்டிப் பார்த்தால் பாலிதீன் பை, சிப்ஸ் பாக்கெட், ஒரு ஒற்றைச் செருப்பு, மண். என் மகனும் அடுத்த வீட்டுத் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் கம்பியுமாக இறங்கி அரை நாளில் சுத்தம் செய்தார்கள். (வெந்நீர் போட்டுக் குளித்து முடிக்கும்வரை என் மருமகள் இருவரையும் வாசற்படி ஏற விடவில்லை.) பிறகு பெட்டியில் கிடந்த பழைய நைலெக்ஸ் புடவை ஒன்றை எடுத்து, முழங்கால் உயரத்துக்கு மடித்து, தென்னை மட்டைக் குச்சிகளில் கட்டி, குழாய் வாயின் இரண்டு பக்கமும் ரோட்டு ஓரமாக இழுத்துவிட்டோம். அடியில் மண் அணைத்தாயிற்று. நைலெக்ஸ் சாயம் போகாது, நனைந்தாலும் கனக்காது. அந்தக் காலத்துப் புடவை ஆயிற்றே!

பலன் என்ன என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தேரைகள் சமர்த்து. அவை தாண்டாது, தத்தித் தத்தி வேலியோரமாகவே போய்க் குழாய்க்குள் நுழைந்தன. மாட்டுத் தவளை ஒரே தாவில் புடவையைத் தாண்டிவிட்டது. மரத்தவளை இருக்கிறதே, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நம்மைப் பார்க்குமே, நுரைக்கூடு கட்டி முட்டையிடுமே, அது புடவையில் சாவகாசமாக ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. ஆக, வேலி பாதி, முறம் பாதி.

என் அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. இந்தக் கூத்துக்கு முதல் எதிர்ப்பு அவர்களிடமிருந்துதான் வரும் என்று பயந்தேன். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் தேரைக்குப் பேர் நல்லதில்லை. தேங்காய்க்குள் பருப்பு இல்லையென்றால் "தேரை மோந்துட்டு" என்பார்கள். பச்சைப் பிள்ளை வற்றி, வயிறு உப்பி, கால் சூம்பினால் "தேரை விழுந்திட்டு" என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அது சத்துக்குறைவு; பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி. தேங்காயில் கோளாறும் மரத்துச் சமாச்சாரம்தான். தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதும் பொய். மரு வருவது கிருமியால். இதையெல்லாம் சொல்லத் தயாராக நின்றேன். அத்தை பாக்கை மென்றுகொண்டே, "எட்டி, கல்லுக்குள்ள இருக்க தேரைக்கும் படியளக்கிறவன், அதை டயருக்குக் குடுக்கவா படைச்சான்? போ, போய்த் தூக்கி விட்டுட்டு வா. நனையாம போ" என்றார்கள். அவ்வளவுதான்!

என்னிடம் நடந்த தப்பு

சென்ற வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகையில், நானும் வருகிறேன் என்று பேரன் ஒட்டிக்கொண்டான். ஒன்பது வயசு. ஆசையாகக் கேட்கிறானே என்று கூட்டிப் போனேன். கையை விடாதே என்று நூறு தடவை சொல்லியிருந்தேன். ரோட்டு நடுவில் ஒரு தேரையைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டான். வளைவில் ஒரு வேன். டிரைவர் எப்படித்தான் பிரேக் போட்டாரோ, புண்ணியவான். வண்டி ஈர ரோட்டில் இழுத்துக்கொண்டு போய், பிள்ளைக்கு ஒரு பாகம் தூரத்தில் நின்றது. அவர் கீழே இறங்கி என்னைத் திட்டிய திட்டை நான் இங்கே எழுதமாட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தகும். வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். மறைக்க மனசு வரவில்லை. அவள் கத்தவில்லை. பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே, "தவளையைத் தூக்குங்க அத்தை, வேண்டாம்னு சொல்லல. என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை.

அதற்குப் பிறகு மெயின் ரோட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். எங்கள் தெருவும், குளத்துக்குப் போகிற சின்ன ரோடும்தான் என் எல்லை. மெயின் ரோட்டில் நடக்க வேண்டியது வண்டி ஓட்டுகிறவர்கள் கையில் இருக்கிறது. மழை விட்ட முதல் இரண்டு மணி நேரம் கொஞ்சம் மெதுவாக வந்தாலே போதும். வழுக்குகிற ரோட்டில் அது அவர்களுக்கும் நல்லதுதானே.

உங்கள் ஊரில் யாராவது செய்ய நினைத்தால், நான் பட்டதிலிருந்து சொல்கிறேன். பிள்ளைகளை ரோட்டில் இறக்கவே கூடாது; வாசல் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். ஒருத்தி டார்ச் பிடித்து வண்டி வருகிறதா என்று பார்க்க, ஒருத்தி தூக்க, தனியாகப் போகாதீர்கள். வெளிர் நிற உடுப்பு, முடிந்தால் ரோட்டு வேலைக்காரர்கள் போடுகிற பளபளக்கும் சட்டை. காலில் பூட்ஸ் கட்டாயம். தவளை இருக்கிற இடத்தில் பாம்பு இருக்கும், அதிலும் விரியன் மழை ராத்திரியில் ரோட்டில் படுத்துக் கிடக்கும். தேங்கின தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் உண்டு. காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

தவளையை வெறுங்கையால் பிடிப்பதைவிட முறத்தில் ஏற்றுவது நல்லது. நமக்காக மட்டும் இல்லை, அதற்காகவும்தான். கையில் கொசு விரட்டிக் களிம்பு, பவுடர், உப்பு எது இருந்தாலும் அதன் தோல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். கையால் எடுத்தே ஆகவேண்டும் என்றால் நல்ல தண்ணீரில் கையைக் கழுவி, ஈரத்தோடு எடுக்கவேண்டும். தேரைக்குக் காதுக்குப் பின்னால் இரண்டு மேடு இருக்கும். அதில் பால் மாதிரி விஷம். தொட்டால் ஒன்றும் ஆகாது, அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் எரியும். சோப்புப் போட்டுக் கழுவினால் தீர்ந்தது. நாய் தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். உடனே வாயைத் துடைத்துக் கழுவிவிட்டு மாட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

முக்கியமான ஒன்று: அது எந்தப் பக்கம் பார்த்துப் போகிறதோ அந்தப் பக்கமே விடவேண்டும். முதல் வருஷம் நான் அத்தனையையும் குளத்துப் பக்கமே கொண்டு விட்டேன், தண்ணீர்தானே வேண்டும் என்று. முட்டையிட்டுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவற்றையும் பிடித்து மறுபடி குளத்தில் விட்டிருக்கிறேன்! பாவம், பிறந்த வீட்டிலிருந்து கிளம்பியவளை மறுபடி அங்கேயே பஸ் ஏற்றி அனுப்பிய கதை.

ரோட்டுக்கே போகாமல் வீட்டிலிருந்தபடியும் செய்யலாம். மழை ராத்திரியில் வாசல் விளக்கை அணைத்துவிட்டால் ஈசல் வராது, தேரையும் ரோட்டுப் பக்கம் வராது. காலையில் ஸ்கூட்டரையும் காரையும் எடுக்கும் முன் சக்கரத்தடியில் ஒரு பார்வை. முற்றத்துத் தொட்டியில், கிணற்றடிக் குழியில் விழுந்தது ஏற முடியாமல் செத்துப்போகும். ஒரு தென்னை மட்டையைச் சாய்த்து வைத்தால் ஏறிக்கொள்ளும். உப்பையோ பினாயிலையோ ஊற்றி விரட்டாதீர்கள், அது உடம்பெல்லாம் வெந்து சாகும். விளக்குமாறால் மெதுவாகத் தள்ளினாலே போய்விடும். கரப்பான், கறையான், எறும்பு என்று ராத்திரி முழுக்க நமக்காகக் கூலி வாங்காமல் பொறுக்கிக்கொண்டிருக்கிற ஜீவன் அது.

சென்ற மார்கழியில் ஒருநாள் காலை, கோலம் போட உட்கார்ந்தேன். புள்ளி வைத்த இடத்தில் புள்ளி நகர்ந்தது! கண் மங்கிவிட்டதோ என்று குனிந்து பார்த்தால், மிளகு மாதிரி, கடுகு மாதிரி, தெரு முழுக்கத் தேரைக் குஞ்சுகள். குளத்திலிருந்து தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. கோலப்பொடியை அப்படியே வைத்துவிட்டு மதினியைக் கூப்பிட்டேன். ஸ்கூல் வேன் வருகிற நேரம். மதினி தெரு முனைக்கு ஓடிப் போய் வேனை அங்கேயே நிறுத்தி, "பத்து நிமிஷம் நில்லும் தம்பி, பிள்ளைய இங்கேயே வந்து ஏறிக்கிடும்" என்றாள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஓரமாக, சுவரைத் தொட்டுக்கொண்டு, குனிந்து பார்த்துப் பார்த்து நடந்து போனார்கள். என் பேரனும் போனான், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு.

அன்றைக்கு எங்கள் வாசலில் கோலம் இல்லை.

இந்த வருஷத்துக்கு வேலி நீளப்படுத்த வேண்டும். மதினி இரண்டு நைலெக்ஸ் புடவை கொடுத்திருக்கிறாள், அதில் ஒன்று அவள் வளைகாப்புக்கு எடுத்ததாம். "நல்லா கட்டும், கிழிச்சிராதியும்" என்று வேறு சொல்லியிருக்கிறாள்.